குரல் உடைந்தால் பாட்டை நிறுத்தலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குக் குரல் உடைந்துவிட்டது. பாட்டு வகுப்பை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா, நிறுத்தவே நிறுத்தாதீர்கள்! குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளும் வயது இது, எதுவும் கெட்டுப்போகவில்லை. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிய பையனை அதே சுருதியில் இழுக்க வைப்பதுதான் தவறு. மேல மாசி வீதியில் என்னிடம் கற்கும் ஒருவன், சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொட்டதும் குரல் கீச்சிட, சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் இரண்டு கட்டைக்கு இறக்கினேன். கீழ்ப் பஞ்சமம் (கீழ் ‘ப’) கணீரென்று வந்தபோது அவனே வியந்து நிமிர்ந்தான். தினமும் 15 நிமிடம் கீழ் ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களில், மெதுவாக ‘ஆ’ என்று அகாரம் பாடட்டும், கத்தக் கூடாது. ஆதி தாளத்தை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) போட்டுப் பழகட்டும். குரல் நிலைக்கப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை வீட்டில் யாரும் அவன் குரலைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.