நேட்டால் கப்பல் பட்டியலில் 'முனுசாமி' கிடைக்கவில்லை என்றால்

பெயரை வைத்துத் தேடாதீர்கள், கொள்ளுத்தாத்தாவின் காலனி எண்ணைப் பிடியுங்கள். நேட்டாலில் (இன்று தென்னாப்பிரிக்காவில், டர்பன் இருக்கும் பகுதி) ஒப்பந்தக் கூலியாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், அதுதான் காலனி எண். டர்பன் உறவினர்களிடம் பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று இருந்தால் பாருங்கள். பெரும்பாலும் பெற்றோரின் எண் அதில் இருக்கும்.

பெயர் சிக்காததற்குக் காரணம் எழுத்தராகத்தான் இருக்கும். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்: முனுசாமி மூன்சாமி ஆவார், முனியசாமியும் அதே மூன்சாமிதான்!

எண் கிடைக்காவிட்டால் தகப்பனார் பெயர், வயது (ஐந்து கூட்டி, ஐந்து குறைத்து), தாலுகா மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால் அங்க அடையாளப் பத்தி கைகொடுக்கும். 'இடது முழங்காலில் தழும்பு' என்பது போல ஒரு வரி இருக்கும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜில்லா 'வட ஆர்க்காடு' என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் ஊரைத் தேடாதீர்கள். 1911 வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

ஒன்று: இந்தப் பட்டியல் 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு மட்டும். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர் என்றால் இதில் இருக்க மாட்டார்.