டெலோமியர் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு வருடமாக மனச்சோர்வு. டெலோமியர் டெஸ்ட் எடுத்தால் தற்கொலை எண்ணம் வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எடுக்கலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம்மா, காசை வைத்துக்கொள்ளுங்கள். புடவை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்க முடிச்சுப் போடுகிறோமே, செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோமின் நுனியில் அப்படி இருப்பதுதான் டெலோமியர். செல் இரண்டாகும்போதெல்லாம் கொஞ்சம் தேயும். 2004-ல் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழு, நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் அம்மாக்களை ஆராய்ந்தது. மன அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, பத்து வருடம் கூடுதலாக வயதானதுபோல் டெலோமியர் நீளம் குறைந்திருந்தது. தற்கொலையால் இறந்தவர்களிடமும் நீளம் குறைவு என்று ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தார் 2017-ல் எழுதினார்கள். ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. உங்கள் தம்பி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

போன மாதம் ஒருவர் பளபளக்கும் ஃபைலில் இந்த ரிப்போர்ட்டை நீட்டினார். மூடி வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருது?" என்றேன். "மூணு மணிக்கு" என்றவர், அப்புறம் அரைமணி நேரம் பேசினார்.

சரி, சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று தம்பியிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால், தனியே விடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் ராத்திரியிலும் பேசலாம்.