ஒரு முறை அழைத்த ஃபோர்க், 64 வரிகள் தந்தது ஏன்?

கேள்வி: பாடங்களில் பயன்படும் எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளத்தின் கர்னலைப் (மையப் பகுதியை) பின்பற்றி, ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்காகச் சொந்தமாக ஒரு கர்னல் எழுதிவருகிறேன். ஃபோர்க் என்பது ஓடும் நிரலை (புராசஸை) நகலெடுத்து ஒரு சேயை உருவாக்கும் அழைப்பு; தாய்க்குச் சேயின் எண்ணும், சேய்க்கு 0-வும், தோற்றால் -1-உம் விடையாக வர வேண்டும். அதை ஒரே ஒரு முறை அழைத்து, கிடைத்த விடையை அச்சிட்டு, சேய் முடியும்வரை வெயிட் செய்யும் சிறு நிரலை, ஷெல் இல்லாமல், முதல் புராசஸான இனிட்டின் இடத்திலேயே ஓட்டினேன். 64 வரிகள் வந்தன! 63 வரிகளில் புராசஸ் எண்கள், ஒன்றில் -1. சேய்க்கு, விடை வைக்கும் ஏ0 ரெஜிஸ்டரில் 0 வைத்திருக்கிறேன். அந்த 0 எங்குமே வரவில்லை.

பதில்: நீங்கள் எண்ணிக்கையைக் குறித்து அனுப்பியது பெரிய உதவி. எக்ஸ்வி6-இன் புராசஸ் அட்டவணையில் 64 இடங்கள். உங்களுக்கு வந்த வரிகளும் 64. உங்கள் நிரல் அட்டவணையை முழுவதும் நிரப்பியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு சேயும் மறுபடி ஃபோர்க்கை அழைத்திருக்கிறது.

பயனர் நிரலிலிருந்து கர்னலுக்குள் வரும் அழைப்புகளைக் கையாளும் உங்கள் யூசர்டிராப் செயற்கூற்றைத் திறந்து பாருங்கள். ஈபிசியுடன் (நிரல் எங்கிருந்து தொடர வேண்டும் என்ற முகவரியுடன்) 4 கூட்டும் வரி, சிஸ்டம் காலை, அதாவது நிரல் கர்னலிடம் கேட்ட வேலையை, செய்து முடித்த பிறகு வருகிறது என்றே நினைக்கிறேன். கர்னலை அழைக்கும் ஈகால் கட்டளை நிகழும்போது, வன்பொருள் ஈபிசியில் பதிவது அந்த ஈகாலின் முகவரியைத்தான்; அடுத்த கட்டளையின் முகவரியை அல்ல. ஈகால் 4 பைட் நீளம், அதைத் தாண்டிவிடுவது கர்னலின் வேலை. தாய்க்கு முன்னால் கூட்டினாலும் பின்னால் கூட்டினாலும் ஒன்றுதான். ஆனால் ஃபோர்க், தாயின் டிராப்ஃபிரேமை (ரெஜிஸ்டர்களும் ஈபிசியும் சேமித்த இடத்தை) நடுவழியில் நகலெடுக்கிறது. கூட்டாத ஈபிசி சேய்க்குப் போய்ச் சேர்கிறது. சேய் கண் விழித்ததும் அதே ஈகாலில் நிற்கிறது. எந்த அழைப்பு என்று சொல்லும் ஏ7 ரெஜிஸ்டரிலும் ஃபோர்க்கின் எண் அப்படியே இருக்கிறது. மீண்டும் ஒரு ஃபோர்க். நீங்கள் வைத்த 0, அந்த விடையால் அழிந்துபோகிறது. கடைசிச் சேய்க்கு மட்டும் இடமில்லாமல் -1. 4 கூட்டும் அந்த ஒரு வரியை, சிஸ்டம் காலைச் செய்யும் வரிக்கு முன்னால் நகர்த்துங்கள்.

'ஃபோர்க் இரண்டு முறை திரும்புகிறது' என்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். பயனர் நிரல் எழுதுபவருக்கு அது சரி. கர்னல் எழுதுபவரை அது வழிதவறச் செய்யும். கர்னலுக்குள் ஃபோர்க் ஒரு முறைதான் திரும்புகிறது, தாய்க்காக. சேய் அந்தச் செயற்கூற்றுக்குள் நுழைந்ததே இல்லை. புதிய சேய் முதலில் ஓடும் ஃபோர்க்ரெட் என்ற செயற்கூற்றில் பிறந்து, நகலெடுத்த டிராப்ஃபிரேம் வழியே வெளியே போகிறது. ஆகவே அது எங்கே, எந்த மதிப்போடு விழிக்க வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும்.

கையோடு இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். திறந்திருக்கும் கோப்புகளின் சுட்டியை மட்டும் நகலெடுத்தால் போதாது, ஃபைல்டப் என்ற செயற்கூற்றைக் கொண்டு, கோப்பை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் சேய் மூடிய கோப்பு தாய்க்கும் இல்லாமல் போகும். சேயை 'ஓடத் தயார்' என்று குறிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். தாய் யார் என்று பதியும் முன்பே குறித்துவிட்டால், இன்னொரு சிபியூ அதை எடுத்து ஓட்டி முடித்துவிடலாம். அப்போது, முடியும் சேய்க்காகக் காத்திருக்கும் தாயை எழுப்ப வேண்டிய எக்சிட் யாரை எழுப்பும்?

திருத்திய பின், எக்ஸ்வி6-உடன் வரும் ஃபோர்க்டெஸ்ட் என்ற சோதனை நிரலையும் ஓட்டுங்கள். அட்டவணை நிரம்பும் நிலையை அது சோதித்துவிடும். நினைவகப் பக்கங்கள் பாதி நகலாகும்போது இடம் தீர்ந்துபோகும் நிலையை அது தொடாது. அந்த வழியில் எடுத்த பக்கங்களையும் பூட்டையும் விடுவிக்கிறீர்களா என்று வரிவரியாக நீங்களே படித்துப் பார்க்க வேண்டும்.