பருத்தி இலை டிஎன்ஏ பழுப்பாக வருவது பற்றி

முதிர்ந்த பருத்தி இலையில் எடுத்த டிஎன்ஏ பழுப்பாக, பிசுபிசுவென்று வருகிறது. நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏ அளவைக் காட்டும் கருவி) அளவு நிறையக் காட்டியும் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) பெருகியதைக் காட்டும் பட்டையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) மாற்ற அவசரப்படாதீர்கள். நீங்கள் கொடுத்த 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம்) வெறும் 0.6. பாலிஃபீனாலும் (இலையைப் பழுப்பாக்கும் சேர்மங்கள்) பாலிசாக்கரைடும் (பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலிகள்) கூடவே வந்திருக்கின்றன என்பதற்கு அதுவே போதுமான அடையாளம். இவை பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியான டாக் பாலிமரேஸை முடக்கிவிடும். பாலிஃபீனால் 260-க்கு அருகிலும் ஒளியை உறிஞ்சும் என்பதால் அந்த அளவையும் நம்ப வேண்டாம், ஜெல்லில் (மின்சாரம் செலுத்தி டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் கூழ்) ஓட்டிப் பாருங்கள்.

கையில் இருப்பதை 10 மடங்கு, 50 மடங்கு நீர்த்து இன்றே ஒரு பிசிஆர் போடுங்கள். பட்டை விழுந்தால் தடுப்பான்தான் சிக்கல் என்பது உறுதி.

அடுத்த முறை முழுதாக விரியாத இளம் இலையை எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மார்க்கர் தேர்வின் (டிஎன்ஏ அடையாளத்தை வைத்து வேண்டிய செடியைத் தேர்ந்தெடுப்பது) பெரிய லாபமே நாற்றிலேயே செடியைக் கண்டுபிடிப்பதுதானே, முதிர்ந்த இலைக்குக் காத்திருக்கவே வேண்டாம். சிடிஏபி கரைசலில் (செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுக்கும் கரைசல்) பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2% இருக்கட்டும். பழுப்பேறுவதைத் தடுக்கும் மெர்கேப்டோஎத்தனாலை அன்றன்றைக்குச் சேருங்கள். திரவ நைட்ரஜனில் அரைத்த தூள் உருகுவதற்குள் 65 டிகிரி கரைசலில் விழுந்தாக வேண்டும். உரலின் ஓரத்தில் பச்சைத் தூள் ஈரமாகிப் பழுப்பேற ஆரம்பித்தால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பிசுபிசுப்பு. ஆல்கஹால் சேர்க்கும் முன் சோடியம் குளோரைடைக் கூட்டினால் பாலிசாக்கரைடு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். பிறகு 70% எத்தனாலில் இருமுறை கழுவி உப்பை நீக்குங்கள். நீர்த்த பிசிஆரின் ஜெல் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.