பள்ளிக்கூடத்தில் தாள் சுமை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தலைமையாசிரியராக இருந்து புள்ளிவிவரம் கொடுத்திருக்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து அதையே கேட்டு நச்சரித்தும் இருக்கிறேன். இப்போது ஓய்வு. படிவம், பதிவேடு, செயலி என்று பள்ளியில் சேரும் தாள் வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். எமிஸில் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) ஏற்றிய விவரத்தையே மறுபடி கூகுள் ஷீட்டில் கேட்கிறார்கள். எதையெல்லாம் நிறுத்தலாம் சார்?
(தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்)

நீங்களாக எதையும் நிறுத்த முடியாது. ஆனால் திருப்பிக் கேட்கலாம். மாணவர் எண்ணிக்கை, ஆதார், இடைநிற்றல், விலையில்லாப் பொருட்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான் எமிஸ் வந்தது. வட்டார அலுவலகமே உள்ளே போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே எடுக்கத் தெரிந்தவர் விடுப்பில் இருப்பார், அல்லது மேலிருந்து வந்த படிவத்தில் கட்டங்கள் வேறு மாதிரி இருக்கும். உடனே அந்த வேலை வாட்ஸ்அப் வழியாக உங்கள் தலையில் வந்து விழும். 'மிக அவசரம், மாலை 4 மணிக்குள்' என்று வருகிற பல தகவல்கள் மேலிருந்து சில நாள் முன்பே கிளம்பியவை. வழியில் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து எழுந்து வந்து, கடைசியில் உங்களிடம்தான் அவசரமாகின்றன.

'இந்த விவரம் எமிஸில் இன்ன தேதியில் பதிவேற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரியில் பதில் அனுப்புங்கள். தனியாக அனுப்ப வேண்டாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசி, எல்லாத் தலைமையாசிரியர்களும் சேர்ந்து அனுப்புங்கள். ஒரு பள்ளி மட்டும் சொன்னால் ஒத்துழைக்கவில்லை என்பார்கள், எல்லாரும் சொன்னால் யோசிப்பார்கள். ஒருமுறை எங்கள் வட்டாரத்தில் இரட்டிப்பாகக் கேட்ட படிவங்களைத் தொகுத்து மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். சில நின்றன. ஒன்று மட்டும் வேறு பெயரில் திரும்பி வந்தது!

வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலைக்குப் பள்ளி நேரத்தில் போகச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?
(இடைநிலை ஆசிரியை)

மறுக்காதீர்கள் அம்மா. வாக்காளர் பட்டியல் பணியில் கடமை தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தண்டனை உண்டு. ஆனால் நேரத்தைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பிரிவு 27 ஆசிரியரைப் பிற பணிக்கு அனுப்ப மூன்று விதிவிலக்குகளே தருகிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். தேர்தல் வேலையையும் விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும் கொடுக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள், நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 27-இல் ஒரு ஓட்டை உண்டு. ஆசிரியரை வெளியே அனுப்புவதைத்தான் அது தடுக்கிறது. வகுப்பறையிலேயே உட்காரவைத்து நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்யச் சொன்னால் அதற்கு வாயே இல்லை. கற்பித்தலோடு தொடர்பில்லாத வேலையில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அந்தக் கொள்கையைக் கடுமையாக எதிர்ப்பவர்கள்கூட இந்த வரியோடு சண்டை போட மாட்டார்கள். ஆனால் கொள்கை ஆவணத்தைக் காட்டி மேலதிகாரியிடம் வாதாட முடியாதே.

எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பாடத்தைவிட செயலிதான் நேரம் எடுக்கிறது.
(புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்)

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கற்பித்தல் முறை நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் ஏற்றுவதுதான் வம்பு. மதிப்பீடு ஆசிரியருக்குத் தேவை, சரி. மாநில அளவில் நிலவரம் தெரிய சில பள்ளிகளில் மாதிரி எடுத்தாலே போதும்.

எங்கள் பள்ளிக்கு வரும் மானியம் கொஞ்சம்தான். அதற்கு எத்தனை கையெழுத்து!
(பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி)

ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தைச் சொல்கிறீர்கள். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. அதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. இந்தத் தாளைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் தீர்மானமும் ரசீதும் ரொக்கப் பதிவேடும் நாளைக்குத் தணிக்கையில் உங்களையும் தலைமையாசிரியரையும் காப்பாற்றும். பணத்தைத் தாமதமாக அனுப்பிவிட்டு மார்ச் 31-க்குள் செலவழி என்பார்களே, சண்டை போட வேண்டியது அதற்கு.

வேறு எங்காவது இதைக் குறைத்திருக்கிறார்களா?
(ஆசிரியர் சங்க உறுப்பினர்)

இங்கிலாந்தைப் பாருங்கள். 2003-இல் அரசும் பெரும்பாலான சங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில், ஆசிரியர் வழக்கமாகச் செய்யத் தேவையில்லாத 24 வேலைகளைப் பட்டியல் போட்டார்கள்: பணம் வசூலிப்பது, கட்டுக்கட்டாக நகல் எடுப்பது, இப்படி. 2005 முதல் பாடம் தயாரிக்கவும் திருத்தவும் கற்பிக்கும் நேரத்தில் பத்து சதவீதத்தை ஒதுக்கினார்கள். பிறகு அந்தப் பட்டியலை விதிகளிலிருந்து எடுத்தார்கள், 2024-இல் மறுபடி சேர்த்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வேலைகளைச் செய்ய உதவியாளர்களை நியமித்தார்கள். எழுத்தரே இல்லாத நம் தொடக்கப் பள்ளிக்குப் பட்டியலை மட்டும் கொண்டுவந்தால் ஒன்றும் மாறாது. குறுவள மையத்துக்கு ஒரு எழுத்தர் என்று உங்கள் சங்கம் கேட்கட்டும். சம்பளக் கோரிக்கைக்குக் கீழே பதினோராவதாகப் போடாமல் முதல் மூன்றுக்குள் போடுங்கள்.

அபார் எண்ணுக்குச் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். கட்டாயமா?
(ஒரு தாய்)

அபார் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் நாடு முழுக்கச் செல்லும்படி தரும் நிரந்தர அடையாள எண். பெற்றோர் சம்மதத்தின் பேரில்தான் அது. விருப்பமில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். கொடுக்காமல் இழுத்தால் ஆசிரியர்தான் தினமும் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருப்பார்.