முகாம் போனால் ஊர் என்னவாகும்? கேள்வி பதில்

படைத்தளம் வந்தால், விரிந்தால், மூடினால் ஊரின் கடைக்கும் நிலத்துக்கும் என்ன ஆகும் என்று நெல்லைச் சீமை உறுப்பினர்கள் கேட்டவையும் பதில்களும்.

நாங்குநேரி: அண்ணாச்சி, தெலங்கானாவில கடற்படை இன்னொரு ரேடியோ நிலையம் கட்டுதாம். நம்ம விஜயநாராயணத்தை மூடிருவாங்களா?

விகாராபாத் பக்கம் தாமகுண்டத்தில் 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டியது இரண்டாவது நிலையத்துக்கு. முதலாவதை எடுத்துவிட்டு அங்கே வைக்கப் போவதாக அறிவிப்பு இல்லை. விஜயநாராயணத்தில் இருக்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990-இல் தொடங்கியது. 2014-இல் புது டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். நீர்மூழ்கிக்குச் சேதி அனுப்பும் அந்தக் கம்பங்கள் லாரியில் ஏற்றிப் போகிற சாமான் இல்லை.

வள்ளியூர்: பலசரக்குக் கடை வச்சிருக்கேன். ஒரு முகாம் காலியானா யாவாரம் எவ்வளவு அடிபடும்?

தலையை எண்ணாதீர்கள், காசு எந்தப் பக்கம் செலவாகிறது என்று பாருங்கள். கணக்குக்கு 200 குடும்பம், மாதம் 20,000 ரூபாய் செலவு என்று வைத்தால் 40 லட்சம். ஆனால் குவார்ட்டர்ஸ் உள்ளே, கேன்டீன் உள்ளே, ரேஷன் மொத்த ஒப்பந்தம். வெளியே வருவது காய்கறி, மீன், தையல், டியூஷன், ஆட்டோ. அது கால்பங்கு என்றால் ஊருக்கு 10 லட்சம். அந்தப் பத்துதான் போகும். குடும்பங்கள் ஊருக்குள் வாடகைக்கு இருந்தால் கணக்கே வேறு: முதலில் வாடகை விழும், அடுத்து ஒத்திக்கு விட்டவர் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் திணறுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றாகத் தளங்களை மூடியபோது, பல ஊர்களில் பயந்த அளவுக்கு அடி விழவில்லை. தளத்துக் கடையில் மலிவாக வாங்கிய ஓய்வுபெற்றவர்கள், அது மூடியதும் ஊர்க்கடைக்கு வந்தது ஒரு காரணம். உங்கள் பக்கமும் பென்ஷன்காரர் ஏராளம்.

பற்று நோட்டை மட்டும் கவனியுங்கள். பள்ளி ஆண்டு முடியும்போது குடும்பங்கள் மாறும். மார்ச்சிலேயே பாக்கியை வாங்கிவிடுங்கள்.

திசையன்விளை: நிலம் எடுக்கப் போறாங்கன்னு புரோக்கர் சொல்றார். இப்பவே வாங்கிப் போட்டா லாபமா?

2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அறிவிக்கையை, அதாவது இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அரசு முதலில் வெளியிடுவதை, கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அறிவிக்கை வந்தபின் ஆட்சியர் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. 2013 சட்டப்படி ஆட்சேபணைக்கு 60 நாள். சந்தை மதிப்பு எப்படி வருகிறது தெரியுமா? முந்தைய 3 வருடப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி ஒரு வழி. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்து எழுதி வைத்திருந்தால், அந்த மிச்சம் இழப்பீட்டில் திரும்பிக் கடிக்கும். கிராமத்தில் 1 முதல் 2 வரை பெருக்கல், அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை.

நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று அதிகாரிகள் மகஜர் எழுதும்போது நீங்கள் நேரில் நில்லுங்கள். பனையை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். ‘சில பனைகள்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கிணறு, போர், மோட்டார் ரூம் தனித்தனி மதிப்பு. தொகை போதாது என்றால் ஆட்சேபணையோடு வாங்குங்கள். தீர்வம், அதாவது இழப்பீட்டு முடிவு, அறிவிக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால் கூடுதல் கேட்கும் மனுவுக்கு 6 வாரம்தான்.

பரப்பாடி: விஜயநாராயணம் மூடுதாமே?

முதல் பதில்.

பாளையங்கோட்டை: எங்க ஊர்ல இருந்து படை போச்சு, ஊர் வளரத்தானே செஞ்சது? முகாமால ஒண்ணும் இல்லை.

அவசரப்படாதீர்கள். ஊமைத்துரை இங்குள்ள சிறையிலிருந்து தப்பிய 1801-இல் இது கும்பினிப் படையின் ஊர். பாதிரியார் ரேனியஸ் 1820-இல் வந்தார். 1878-இல் ஜான்ஸ் கல்லூரி, 1923-இல் சேவியர் கல்லூரி. படையின் இடத்தில் பள்ளிக்கூடமும் சிறையும் அலுவலகமும் உட்கார்ந்தன. அதனால் பிழைத்தது.

அதே உறுப்பினர்: குளோரிந்தா கட்டின சர்ச்சே கோட்டைக்குள்ளதானே? படை இல்லாம பாதிரி வந்திருப்பாரா?

இப்போது நீங்களே கட்சி மாறிவிட்டீர்கள்! விதை படையுடையது, ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்றியது வேறு ஆட்கள், அதுவும் பல பேர். ஒரே ஆளை நம்பினால் பிலிப்பைன்ஸின் சூபிக் பேவைப் பாருங்கள். 1992-இல் அமெரிக்கக் கடற்படை போனது, சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கினார்கள். 1995-இல் வந்த ஃபெடெக்ஸ் சரக்கு மையம் 2009-இல் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது. மறுபடியும் வேலையிழப்பு.

களக்காடு: அக்னிவீர் உடல் தேர்வு எப்போ?

அதற்கு ஆள்சேர்ப்பு அலுவலக அறிவிப்பைப் பாருங்கள். இங்கே இல்லை.

இட்டமொழி: எடுத்த நிலத்தைச் சும்மா போட்டிருந்தா திரும்பக் கிடைக்குமா?

2013 சட்டத்தில் எடுத்தது என்றால், கையில் எடுத்த நாளிலிருந்து 5 வருடம் பயன்படுத்தாவிட்டால் 101-ஆம் பிரிவுப்படி நிலம் திரும்பும். உடைமையாளருக்கா, அரசின் நில வங்கிக்கா என்பது அரசு முடிவு. தானாக வீட்டுக்கு வராது. 1894 சட்டத்தில் எடுத்த பழைய நிலத்துக்கு இதைக் காட்டி மனு எழுதித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ராதாபுரம்: அண்ணாச்சி, புரோக்கர் மேப்பே காட்டுறாரே...

மேப் யாரும் வரையலாம். 11-ஆம் பிரிவு அறிவிக்கை, அதில் உங்கள் சர்வே எண்.