மலை ஏறும்போது மட்டும் இஞ்சின் சூடாவது ஏன்?

கம்பத்திலிருந்து குமுளி ஏறும்போது மட்டும் லாரி சூடாகிறது, மெக்கானிக் ஃபேன் கிளட்ச் என்கிறார், அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

இஞ்சினையும் ரேடியேட்டர் ஃபேனையும் இணைக்கும் அந்தக் கிளட்சில் ஃபேனை இழுத்துச் சுற்றுவது கெட்டியான சிலிக்கோன் எண்ணெய்தான். முகப்பில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஓர் உலோகச் சுருள் தெரியும், பாருங்கள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் அது முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் வரிவரியான பள்ளங்களுக்குள் புகுந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் எண்ணெய் தன் அறைக்குத் திரும்பும், ஃபேன் நழுவி மெதுவாகச் சுற்றும், டீசல் மிச்சம்.

சமவெளியில் எதிர்க்காற்றே போதும். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி, பாரத்தோடு முதல் கியரில் ஊரும்போது ஃபேனை விட்டால் வேறு காற்று இல்லை.

சூடான இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளுங்கள். கனமாகத் தடுக்க வேண்டும். லேசாகச் சுற்றிக்கொண்டே போனால், கிளட்சைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கும் இருந்தால், எண்ணெய் கசிந்துவிட்டது. மாற்றிவிடுங்கள். சிலர் ஃபேன் நழுவவே முடியாதபடி கிளட்சைப் போல்ட் போட்டு இறுக்கி ஓட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம், டீசலும் வீண், ஃபேன் இறக்கைக்கும் ஆபத்து.